அங்கே ஒரு பாகம்தான் துப்பாக்கி, இங்கே எல்லாப் பாகமும்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளிலிருந்து அரிசோனாவின் சாண்ட்லருக்கும் ஓரிகனின் ஹில்ஸ்பரோவுக்கும் இரண்டு மூன்று வருட வேலைக்குப் போகிறவர்கள் நம் மலேசியத் தமிழர்களில் நிறைய உண்டு. அங்கேயே கிரீன் கார்டு வாங்கித் தங்கிவிட்ட அண்ணன், சித்தப்பா வீடுகளும் உண்டு. போன இடத்தில் வார இறுதிக்குச் சுடும் ரேஞ்ச் பழக்கமாகிவிடும். அடுத்து வரும் கேள்வி: "பிஸ்டல் பிரேம் (மற்றப் பாகங்களைத் தாங்கும் அடிக்கூடு) மட்டும் தனியாக விற்கிறார்களே, வாங்கலாமா? மிச்சப் பாகம் எல்லாம் கடையில் சும்மா கிடைக்கிறதே, ஊருக்கு வரும்போது ஒன்று கொண்டு வரலாமா?" முதல் கேள்விக்குப் பதில் உங்கள் விசாவையும் நீங்கள் இருக்கும் மாநிலத்தையும் பொறுத்தது. இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்தான்: கூடவே கூடாது.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1968லிருந்தே ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பிரேம் என்பது பாகம் இல்லை, அதுவே துப்பாக்கி. ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி), பேரல் (குழல்), ஸ்பிரிங், டிரிகர் எல்லாம் வெறும் உதிரி. கிளாக் பிஸ்டலை எடுத்துப் பாருங்கள். சீரியல் நம்பர் பேரலிலும் ஸ்லைடிலும்கூட இருக்கும். ஆனால் சட்டம் பார்ப்பது பிளாஸ்டிக் பிரேமின் அடியில், டிரிகர் கார்டுக்கு முன்னால் பதித்திருக்கும் அந்தச் சின்ன உலோகத் தகட்டைத்தான். பழைய பிஸ்டல் வாங்கும்போது மூன்று நம்பரும் ஒன்றாக இல்லை என்றால் பதற வேண்டாம், யாரோ பேரல் மாற்றியிருப்பார்கள். தகட்டு நம்பரும் கடைக்காரர் எழுதிய நம்பரும் ஒன்றா என்று மட்டும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சுழியமும் ஓ எழுத்தும் மாறிப்போவது சகஜம்.

சிக் சாவர் பி320 இதில் வேறு மாதிரி. கையில் பிடிக்கிற பிளாஸ்டிக் உடல் அதில் துப்பாக்கியே இல்லை, கடையில் உறை வாங்குவதுபோல வாங்கலாம். உள்ளே உட்காரும் உலோகக் கூடுதான் துப்பாக்கி. அதன் சீரியல் நம்பர் பிளாஸ்டிக்கில் வெட்டிய ஜன்னல் வழியே தெரியும். 2022 ஆகஸ்டு 24இல் அமலுக்கு வந்த விதி இதைத்தான் எழுத்தில் வைத்தது: தோட்டாவை வெடிக்க வைக்கும் ஹேமரையோ ஸ்ட்ரைக்கரையோ சுடும்வரை பிடித்து நிறுத்தும் சியர் என்கிற கொக்கி எந்தக் கூட்டுக்குள் இருக்கிறதோ, அதுவே கைத்துப்பாக்கியின் பிரேம். முழுசாக முடிக்காமல், வீட்டில் பொருத்திக்கொள்ளப் பெட்டியில் போட்டு விற்கும் கிட்டுகளையும் அதே விதி பிடித்தது. வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 26இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று விதியை நிற்க வைத்தது. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்திலும் சீரியல் நம்பர் இல்லாத பிரேமைத் தடை செய்திருக்கின்றன. விசாவில் இருக்கிறவர் இந்தக் கிட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது.

பிரேமை ஆன்லைனில் வாங்கினாலும் வீட்டு வாசலுக்கு வராது. உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற கடைக்குப் போகும், நீங்கள் அங்கே போய் 4473 என்கிற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். அந்தப் படிவத்தில் கைத்துப்பாக்கி, நீள் துப்பாக்கி, மற்றவை என்று மூன்று வகை இருக்கிறது. வெறும் பிரேம் மூன்றாவதில் சேரும். இதனால் இரண்டு விளைவு. ஒன்று, கடையில் ரைபிள் வாங்க 18 வயது போதும், பிரேமுக்கு 21 ஆக வேண்டும். இன்னொன்று, பக்கத்து மாநிலக் கடையில் மலிவு என்று போய் வாங்கிவர முடியாது. இரண்டாவதை மறந்துதான் பலர் பணத்தைக் கட்டிவிட்டு நிற்கிறார்கள்.

இனி விசா. எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை), எல்-1 (நிறுவனத்துக்குள் மாற்றல்), பி-2 (சுற்றுலா) எல்லாமே குடியேற்றம் அல்லாத விசா. இந்த விசாவில் இருக்கிறவர் துப்பாக்கியை வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். 2022க்குப் பிறகு தண்டனை 15 ஆண்டு வரை. விலக்கு சில உண்டு. சாதாரண ஆளுக்குப் பொருந்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாகக் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். அந்த உரிமம் போன மாதம் முடிந்திருந்தால் விலக்கும் அன்றோடு முடிந்தது, அலமாரியில் இருக்கும் பிஸ்டல் அன்றிலிருந்து குற்றப் பொருள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் "கையில் வைத்திருப்பது" என்கிற வார்த்தைக்குள்தான் வருகிறது. விசா இல்லாமல் நுழையும் சலுகை உள்ள நாட்டார் கதை வேறு. மலேசியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. லாஸ் வேகாஸ் போய்ச் சுட்டுப் படம் போட நினைக்கும் பி-2 பயணி இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. ஆனாலும் நம்மவர்கள் இரண்டு இடத்தில் சிக்குகிறார்கள். முதலாவது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் நடுவே ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்) நிற்கும். அமெரிக்க ஆவணம் ஒன்றில் அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், இன்னொன்றில் முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் கிடக்கும், ஓட்டுநர் உரிமத்தில் ஏ/எல் ஒட்டிக்கொண்டு பெயரின் பாகமாகவே மாறியிருக்கும். 4473இல் குடும்பப் பெயர், முதல் பெயர், நடுப் பெயர் மூன்றும் கேட்பார்கள். நடுப் பெயர் இல்லை என்றால் 'என்எம்என்' என்றும், வெறும் இனிஷியல்தான் என்றால் அதன் பக்கத்தில் 'ஐஓ' என்றும் எழுதச் சொல்லிப் படிவமே குறிப்புக் கொடுக்கிறது. கடைக்குப் போகும் முன் கிரீன் கார்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் உரிமத்தைத் திருத்துங்கள். இல்லையென்றால் சோதனை 'தாமதம்' என்று நிற்க வாய்ப்பு அதிகம். கூட்டரசு விதிப்படி தாமதம் மூன்று வேலை நாள், சில மாநிலங்களில் இன்னும் நீளும்.

இரண்டாவது முகவரி. வீடு மாறியவர்கள் உரிமத்தில் பழைய முகவரியோடு போய் நிற்பார்கள், கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். புது முகவரி உள்ள வாகனப் பதிவு போன்ற இன்னொரு அரசு ஆவணம் கூட இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். தண்ணீர் பில், மின்சார பில் அரசு ஆவணமாக எல்லா ஊரிலும் செல்லாது. படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினால் 10 ஆண்டு வரை சிறை. நண்பருக்காக நாம் வாங்கித் தருவதும் அந்தப் பொய்யில் அடக்கம்.

'பதிவு' என்கிற சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 4473 கடைக்காரரின் கோப்பில்தான் இருக்கும், அது அரசுப் பதிவு இல்லை. சாதாரணத் துப்பாக்கிகளுக்கு நாடு தழுவிய பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986 சட்டமே சொல்கிறது. அரிசோனாவிலும் டெக்சாஸிலும் மாநிலப் பதிவும் இல்லை. ஹவாயில் அப்படியே தலைகீழ்: முதலில் வாங்குவதற்கு அனுமதி, வாங்கி ஐந்து நாளுக்குள் போலீஸில் பதிவு. நியூயார்க்கில் கைத்துப்பாக்கி உரிமம் இல்லாமல் தொடவே கூடாது. வாங்குவது ஒவ்வொன்றும் அந்த உரிமத்தில் ஏற வேண்டும். நியூஜெர்சியில் ஒரு கைத்துப்பாக்கிக்கு ஒரு அனுமதிச் சீட்டு, 90 நாள்தான் செல்லும். கலிபோர்னியாவில் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வு, 10 நாள் காத்திருப்பு, அதோடு மாநிலம் ஒப்புக்கொண்ட மாடல்களின் பட்டியல். சாண்ட்லரில் முறையாக வாங்கிய பிஸ்டலோடு சாண்டா கிளாராவுக்கு மாற்றலாகிப் போகிறவர் 60 நாளுக்குள் கலிபோர்னிய நீதித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மூட்டை முடிச்சு அவிழ்க்கிற அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

இப்போது ஊர் திரும்பும் கதை. நம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்திலேயே அதன் எந்த உதிரிப் பாகமும் அடக்கம். சாண்ட்லர் கடையில் சாக்லேட் மாதிரி எடுத்துக் கவுண்டரில் வைத்த பேரல், பினாங்கு விமான நிலையத்தில் இறங்கியதும் துப்பாக்கி. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். முழுத் துப்பாக்கியாகவே பிடிபட்டால் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டம் வரும்: 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. உரிமம் இல்லாமல் தயாரித்தால் தண்டனை இதைவிடக் கடுமை. அங்கே சிலர் வீட்டு மேசையில் பொழுதுபோக்காகச் செய்வது இங்கே எதுவாக எண்ணப்படும் என்பதற்கு இது போதும்.

"அமெரிக்க விமான நிலையத்தில் ஸ்கேன் செய்து விட்டார்களே" என்பது வாதமே இல்லை. அங்கே மேகசின் (தோட்டாக் கூடு), ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) போன்றவை கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் போகலாம் என்பது விமானப் பாதுகாப்பு விதி. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதற்கு அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தனி, கே.எல்.ஐ.ஏ.யில் இறக்குவதற்கு நம் கஸ்தம்ஸும் போலீஸும் தனி. கூரியரில் 'மெஷின் பார்ட்ஸ்' என்று எழுதி அனுப்பினால் குற்றம் ஒன்று கூடுமே தவிர குறையாது. பாகம் இல்லை, ஏர்சாஃப்ட் பொம்மைதான் என்றாலும் போலி ஆயுதத்துக்கு நம் ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இருக்கிறது: ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். முறையாக உரிமம் கேட்க நினைப்பவர் பினாங்கில் ஜாலான் பினாங்கிலும் கோலாலம்பூரில் ஜாலான் ஹங் துவாவிலும் உள்ள போலீஸ் தலைமையகத்தில், எதையும் வாங்கும் முன், கேட்க வேண்டும்.

வேண்டுமென்று கொண்டு வராதவர்களும் ஒரு வழியில் மாட்டலாம்: ரேஞ்சுக்குத் தூக்கிப்போன அதே தோள்பை. அடித் துணியின் தையல் மடிப்பில் ஒரு 9 எம்.எம். தோட்டா உருண்டு உட்கார்ந்திருக்கும், பக்கப் பையில் காலி மேகசின் கிடக்கும். அந்தப் பையை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். கொடுக்க மனசில்லை என்றால் எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாக வெள்ளைத் துணி மேல் உதறி, மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்த பிறகு பெட்டி கட்டுங்கள்.