மூத்திர மரத்தடியில் ஒரு காலை

நமீபியாவின் பண்ணைச் சாலைகளில் போகும்போது, மரியாதைக்காக முன் சீட் தருகிறார்கள் என்று நினைத்து ஏறிவிடாதீர்கள். வழியில் வரும் வேலிக் கதவுகளை எல்லாம் இறங்கித் திறந்து, வண்டி தாண்டியதும் மூட வேண்டியது அந்த சீட்டுக்காரர்தான். முதல் நாளே 11 கதவு திறந்தேன்.

சிவிங்கிப்புலி ஆய்வுக்குழு ஒன்றோடு தன்னார்வலராகச் சுற்றியபோது நடந்தது இது. (சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கினால் அது சிவிங்கி.) இங்கே சிவிங்கிகளில் பெரும்பாலானவை வாழ்வது தனியார் மாட்டுப் பண்ணைகளில். சரணாலயத்தில் சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பிடுங்கும், குட்டிகளைக் கொல்லும். பண்ணைக்கு வந்தால் கன்று கிடைக்கிறது, கூடவே துப்பாக்கியும்.

மூன்றாம் நாள் சாய்ந்த வேலமரம் ஒன்றின் முன் நின்றோம். அடிமரத்தில் மூத்திர வாடை, கவட்டையில் காய்ந்த எச்சம். ஆய்வாளர் அதைக் காகித உறையில் போட்டுத் தேதி எழுதினார். மரத்துக்கு எதிரே வைத்திருந்த தானியங்கி கேமராவின் மெமரி கார்டில் மான், காட்டுப்பன்றி, மறுபடி மான். பிறகு விடிகாலையில் வாலைத் தூக்கியபடி ஓர் ஆண் சிவிங்கி. புள்ளிகளைப் பார்த்தே எந்த ஆள் என்று சொல்லிவிட்டார்.

பண்ணைக்காரரும் வந்திருந்தார். "அப்பா காலத்தில் இந்த மரத்தடியில்தான் கூண்டு வைப்போம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வரும்."

வராமல் எப்படி? இந்த மரங்கள் சிவிங்கிகளின் தகவல் பலகை. எல்லையைப் பிடித்த ஆண் வந்து மூத்திரம் அடிக்கும், எல்லை இல்லாத ஆண்கள் மோந்து பார்க்க வரும், துணை தேடும் பெண்ணும் வரும். ஒன்றைச் சுட்டால் அடுத்தது அதே இடத்தைப் பிடிக்கும். பெர்லின் லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் சிவிங்கிகளின் கழுத்தில் மாட்டிய ஜிபிஎஸ் பட்டைகள் மூலம் இந்தச் சந்திப்பு இடங்களைக் கண்டுபிடித்தார்கள். கன்றுள்ள மந்தைகளை அங்கிருந்து தள்ளி மேய்த்தபோது கன்று இழப்பு 86 சதவீதம் குறைந்ததாக 2020இல் எழுதினார்கள். எனக்குப் பிடித்தது, சிவிங்கிகள் கன்றுகளைத் தேடிப் பின்னால் போகவில்லை என்பதுதான். அங்கேயே இருந்து மானைத் தின்றன.

"அது மேல் எனக்குப் பாசமெல்லாம் கிடையாது," என்றார் பண்ணைக்காரர். "கன்றை எங்கே விடக்கூடாது என்று தெரிந்தால் போதும்." ஜீப்பில் துப்பாக்கி இருக்கத்தான் செய்தது. கிளம்பும்போது கேட்டார்: "சரி, சிறுத்தைக்கு என்ன வழி?"

ஆய்வாளர் எச்ச உறையை மடித்துக்கொண்டே, "அதற்கு வேறு குழு," என்றார்.

நான் கதவு திறக்க இறங்கினேன்.