தும்மினால் கசிகிறதா? நான் போய் வந்த வழி

பாலக்கோடு பக்கம் தக்காளி பறிப்புக்குப் போகும் பெண்கள் பலர் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்று வெளியே சொல்வோம். தக்காளிப் பெட்டியை, நாங்கள் சொல்லும் கிரேடை, தூக்கும்போது ஒன்னுக்குக் கசிந்துவிடும் என்பதைச் சொல்ல மாட்டோம். எனக்கு அது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியது. தும்மினால், இருமினால், களிச்சட்டியை அழுத்திக் கிளறினால் கசியும். சாதாரண நாளிலும் நாப்கின் வைத்துக்கொண்டு, வெளியூர்க் கல்யாணங்களைத் தட்டிக்கழித்துக்கொண்டு சில வருஷம் ஓட்டினேன். நாற்பது தாண்டியதும் அது ரொம்பவே கூடிவிட்டது.

முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "ரெண்டு பிள்ளை இருக்குல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்." என் நாத்தனாருக்கு உதிரப்போக்குக்காக எடுத்திருந்தார்கள். எடுத்த பிறகும் அவருக்கு இருமினால் கசிகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வழி காட்டியது மாமியாருக்கு வீடு தேடி பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண். அவர் வருவது அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில். அது 2021 ஆகஸ்டில் தொடங்கியது பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில். பிசியோதெரபியும் அந்தத் திட்டத்தில் உண்டு என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். "பெரியாஸ்பத்திரிக்குப் போங்கக்கா. சீட்டுப் போடற இடத்துல பெண்கள் ஓபின்னு மட்டும் சொன்னா போதும். மத்ததை உள்ளே டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கலாம்" என்றார். இந்த ஒரு வரியை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எப்போதோ போயிருப்பேன். சீட்டு எழுதும் வரிசையில் பின்னால் நிற்கும் ஆண்கள் காதில் விழும்படி இதை எப்படிச் சொல்வது என்பதுதான் என் பெரிய பயமே.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் சின்ன வயசு டாக்டர். இருமும்போதா, அவசரம் தாங்காமலா? சொட்டா, துணி நனையும் அளவா? ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? மலச்சிக்கல் உண்டா? கீழே ஏதாவது இறங்குவதுபோல் கனமாக இருக்கிறதா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கூச்சமில்லாமல் கேட்டதால் எனக்கும் பதில் வந்தது. 'அங்கே', 'அது' என்று சுற்றி வளைப்பதைவிட, "கிரேடு தூக்கினால் நனைகிறது" என்றதும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை, ஒன்னுக்குப் போன பிறகு மீதம் நிற்கிறதா என்று ஒரு ஸ்கேன். நிறைந்த மூத்திரப்பையோடு இருமச் சொல்லியும் பார்த்தார். அது சங்கடந்தான், ஆனால் நொடியில் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மூன்று நாள் எவ்வளவு குடிக்கிறேன், எப்போது போகிறேன், எப்போது கசிகிறது என்று எழுதிவரச் சொன்னார். மகளின் பழைய நோட்டில் எழுதினேன்.

நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கினார். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து முதுகின் வால் எலும்புவரை, தூளிபோலத் தொங்கும் தசைகள் இருக்கின்றன. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குவது அவைதான். கர்ப்பத்தின் கனம், முக்கிப் பெற்ற பிரசவம், தீராத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குதல், மாதவிலக்கு நிற்கும் வயது எல்லாம் சேர்ந்து அந்தத் தசைகளைத் தளர்த்திவிடும். எனக்கு இருந்தது அழுத்தம் விழும்போது கசியும் வகை. அதற்குக் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமே கிடையாது. முதல் வைத்தியம் பயிற்சி. குறைந்தது மூன்று மாதம் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

கெகல் பயிற்சி என்று யூடியூபில் கேட்டிருப்பீர்கள். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் எழுதியது. பிசியோதெரபி அம்மா சொன்னது இப்படி: முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, வாயுவையும் ஒன்னுக்கையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுக்க வேண்டும். முதலில் மூன்று நான்கு நொடி, போகப்போகப் பத்து நொடி. பிறகு அதே அளவு நேரம் முழுசாகத் தளர விட வேண்டும். பத்து முறை செய்தால் ஒரு சுற்று, நாளைக்கு மூன்று சுற்று. தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஒன்னுக்குப் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது. நிறையப் பேர் மேலே இழுப்பதாக நினைத்துக் கீழே முக்குகிறார்களாம். சரியாகச் செய்கிறோமா என்று ஒரு முறையாவது ஆளிடம் காட்டிவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

எனக்கு அதைவிட உடனே பயன்பட்டது இன்னொன்று. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும், தும்முவதற்கு முன்பே இழுத்துப் பிடித்துக்கொள்வது. கிரேடு தூக்கும்போதும் அப்படியே, மூச்சை வெளியே விட்டுக்கொண்டு. பெரிய கிரேடை இப்போது இரண்டு பேராகப் பிடிக்கிறோம். களியைக் கிளறும் முறையைக்கூட பிசியோதெரபி அம்மாவிடம் செய்து காட்டித் திருத்திக்கொண்டேன், அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தண்ணீரைக் குறைக்கக் கூடாது, டீயைக் குறைக்கலாம் என்றார். டீ விஷயத்தில் நான் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் முடியும்போது நாப்கின் தேவைப்படாத நாட்கள் வந்தன. பெரிய சளி பிடித்தால் இன்னும் கொஞ்சம் கசியும். முன்பு இருந்ததற்கு இது பெரிய விஷயமே இல்லை.

இதை வீட்டில் பேசியதும் வாயைத் திறந்தது என் மாமியார். "எனக்கு அடி இறங்கி எத்தனையோ வருஷமாச்சும்மா, கையால தள்ளி விட்டுக்குவேன்" என்றார், ஏதோ செருப்பு அறுந்ததைச் சொல்வதுபோல. ஐந்து பிள்ளை பெற்றவர். அடுத்த முறை அவரையும் அழைத்துப் போனேன். இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும் சிலிகான் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தினார்கள். பெஸ்ஸரி என்கிறார்கள். சில மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவிப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்காகப் போய் வருகிறோம்.

தெருவில் இரண்டு பேர் இப்போது விசாரிக்கிறார்கள். ஒருத்திக்குக் கசிவோடு எரிச்சலும் ரத்தமும் இருக்கிறது. அதற்கு நாள் கடத்தாதே என்று அன்றே அனுப்பிவிட்டேன். இன்னொருத்திக்கு அவசரம் வந்தால் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறது. அதற்குப் பயிற்சியோடு, அடக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழக்குவதும் உண்டாம். என்னுடையதையே சொல்லிக்கொடு என்று கேட்கிறாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சிலருக்கு அந்தத் தசை தளராமல் இறுகிப் போயிருக்கும், அவர்கள் மேலும் இறுக்கினால் வலிதான் கூடும் என்று பிசியோதெரபி அம்மா எச்சரித்திருக்கிறார். மாமியாரின் அடுத்த செக்கப்புக்கு அவளும் எங்களோடு பஸ் ஏறுகிறாள்.