மரைக் கணக்கு

மார்ச் 16, 2024, சனி

தேர்தல் தேதி அறிவிச்சாச்சு. நமக்கு ஏப்ரல் 19. வார்டு டிவியில் அதைக் கேட்டதும் அப்பா கண்ணைத் திருப்பி என்னையே பார்த்தார். வாய் வரவில்லை, ஆனால் புரிந்தது. தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கணும்.

மார்ச் 17, ஞாயிறு

அப்பாவுக்குத் துணையாக அண்ணனைச் சேலம் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் மட்டும் மேலே ஏற்காட்டுக்கு வந்தேன். இருபது கொண்டை ஊசியும் தனியாக ஓட்டியது இதுதான் முதல் தடவை. காபி பூக்கவே இல்லை. பூமழைக்குக் காத்துக்கிட்டு செடியெல்லாம் சுருண்டு நிற்குது.

பீரோவில் அது இருந்தபடியே இருக்கு. பிர்னோ ரைஃபிள், .22 ஹார்னெட் தோட்டா போடுறது. நான் பிறந்ததிலிருந்து அது ஒரு உயிரையும் சுட்டதில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிஞ்சது. வருஷத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் போட்டுத் துடைப்பது மட்டும் அப்பாவுக்கு ஒரு பூஜை.

அடியில் தாத்தாவின் நோட்டு. அவர் தோட்டாவைத் தானே கட்டிக்கொண்ட காலத்துக் கணக்கு. ஒரு பக்கத்தில் மூணே வரி:

45 நெல் – நல்லது.
50 நெல் – மேலே நிற்குது, கீழே நிற்கலை.
55 நெல் – படுத்துக்கிட்டு வருது.

நெல்லா? துப்பாக்கி நோட்டில் எதுக்கு நெல்லு? ராத்திரி பூரா இதே.

மார்ச் 18

சித்தப்பா செவ்வாய்பேட்டைப் பட்டறையிலிருந்து தராசோடு வந்தார். கொலுசுக்கு வெள்ளி நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு. தாத்தாவின் தகர டப்பாவில் மூணு பொட்டலத்தில் குண்டு மட்டும் தனியாக இருந்தது, வெடிமருந்து கிடையாது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒண்ணு எடுத்து வைத்தோம். 2.92 கிராம். 3.24. 3.56.

"பொன்னு நிறுக்கிற நெல்லுன்னு நெனச்சேன் கண்ணு, கணக்கு ஒதைக்குதே" என்றார். 2.92ஐ 45ஆல் வகுத்தேன். 0.0648. அது கிரெயின், குண்டை நிறுக்கிற இங்கிலீஷ் எடை! தாத்தா கிரெயினை நேராக நெல்லாக்கிவிட்டார். இங்கிலீஷ்காரனுக்கு பார்லி, நமக்கு நெல், அவ்வளவுதானே. சித்தப்பா சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துவிட்டது.

போகும்போது வெர்னியரை விட்டுட்டுப் போகச் சொன்னேன். நீளம்: 12.5 மி.மீ., 16.3, 18.7.

மார்ச் 19

அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஒரு அட்டை மடிச்சு இருந்தது. பழைய இலக்கு அட்டை. ஓரத்தில் 55 என்று பென்சிலில் எழுத்து. அதில் இருப்பதை ஓட்டை என்றே சொல்ல முடியாது. நகத்தால் கீறிய மாதிரி நீளமான அஞ்சு கிழிசல். ஒண்ணு குறுக்கே, ஒண்ணு சாய்வா. வெர்னியரை வைத்தால் பெரிய கிழிசல் 18 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. குண்டு முழு உடம்பும் பக்கவாட்டில் போயிருக்கு. படுத்துக்கிட்டு வருதுன்னா இதுதான்.

சாயங்காலம் போல்ட்டைக் கழற்றி, பேரலுக்குள் தடியை விட்டேன். நுனியில் இறுக்கமாகத் துணி. கைப்பிடி தானாகச் சுழலும் தடியாக இருக்கணும், இல்லாவிட்டால் துணி மரையில், அதாவது குண்டைச் சுழற்றிவிடுகிற உள் சுருள் பள்ளத்தில், ஏறாமல் வழுக்கிக்கிட்டுப் போயிடும். வெளியே இருக்கிற தடியில் என் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினேன். பொட்டு மேலே பார்க்கும்போது ஒரு கோடு, மெதுவாகத் தள்ள, பொட்டு ஒரு சுற்று சுற்றி மறுபடி மேலே வந்ததும் இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவே 40 செ.மீ. அடுத்தது 41. அப்புறம் 40.5. அதாவது 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மந்தமான மரை, குண்டை மெதுவாகத்தான் சுழற்றும்.

அப்பா வீட்டில் இருந்திருந்தால் தொட விட்டிருக்க மாட்டார்.

மார்ச் 21

ஸ்டேஷனில் கொடுத்தாச்சு. அப்பா கைநாட்டு வைத்த கடிதம், லைசென்ஸ் புத்தகம், எல்லாம் சரி பார்த்தார்கள். குண்டு, காலித் தோட்டா எல்லாவற்றையும் எண்ணி ரசீதில் ஏற்றச் சொன்னேன். தாத்தாவின் லைமன் கருவியை எடுத்து ரைட்டர் ரெண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "இது பாக்குவெட்டிங்கம்மா, இது எதுக்கு இதுல?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தோட்டா கட்டுறதுங்க என்று வாய் வரைக்கும் வந்தது. விடவில்லை.

மார்ச் 23

அப்பாவுக்குக் கோபம். ரசீதைக் காட்டியதும் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இடது கையால்.

மார்ச் 26

தூக்கமில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இருமிக்கிட்டே இருக்கார். பொருள் கையைவிட்டுப் போச்சு, நம்பர் மட்டும் என்னிடம் இருக்கு.

எல்லோரும் எடை எடை என்கிறோம். கனமான குண்டுக்கு வேகமான மரை, லேசான குண்டுக்கு மந்தமான மரை என்று. தாத்தாவும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் பேரலுக்குத் தெரிவது நீளம்தான். பம்பரம் மாதிரி: உயரமான பம்பரம் நிற்க இன்னும் வேகமாகச் சுழலணும். ஒரே குறுக்களவில் கனத்தைக் கூட்டினால் குண்டு நீளத்தான் முடியும், அதனால்தான் எடை கணக்கில் வருது. ஈயத்துக்குப் பதில் முழுச் செம்பில் செய்தால் அதே எடைக்கு இன்னும் நீளும், இன்னும் சுற்று கேட்கும்.

1879ல் இங்கிலாந்தில் வுல்விச்சில் கிரீன்ஹில் என்கிற கணக்கு வாத்தியார் ஒரு சூத்திரம் போட்டார். குறுக்களவை அதாலேயே பெருக்கு, 150ஆல் பெருக்கு, குண்டின் நீளத்தால் வகு. எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வந்துவிடும். .224 அங்குலக் குறுக்களவுக்கும் 16 அங்குல மரைக்கும் திருப்பிப் போட்டால் 12 மி.மீ. நீளம் வருது. 45 நெல் குண்டு 12.5. சரி, பொருந்துது. 55 நெல் குண்டோ 18.7, அதுக்குப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று வேணும். இந்தப் பேரலிடம் அது கிடையாது. மருந்தை எப்படி மாற்றினாலும் கிடையாது. தாத்தா எத்தனை தோட்டா வீணாக்கினாரோ.

நர்ஸம்மா வந்து லைட்டை அணைக்கச் சொல்றாங்க.

மார்ச் 29

இன்னைக்கும் தயிர்சாதம் மூணு வாய்தான்.

ஏப்ரல் 3

பிசியோ தம்பி வலது கையில் ஒரு பாட்டில் மூடியைக் கொடுத்துத் திருகச் சொன்னார். கால் சுற்று. நேற்று அதுவும் இல்லை. நான் நோட்டில் குறித்ததைப் பார்த்து, "இதெல்லாம் எழுதணுமாங்க அக்கா?" என்றார். எழுதணும்.

ஏப்ரல் 9

நடு வரி. 50 நெல். மேலே நிற்குது, கீழே நிற்கலை. இவ்வளவு நாளாக, ஏதோ மருந்து ஈரமாகியிருக்கும் என்று விட்டிருந்தேன்.

மில்லர் சூத்திரத்தில் போட்டேன். அது 2005 வாக்கில் வந்தது, எடை, நீளம் ரெண்டையும் கேட்கும். வருகிற எண் ஒன்றுக்கு மேலே இருந்தால்தான் குண்டு கவிழாமல் நிற்கும், நிம்மதியாக நிற்க 1.4 வேணும். 45க்கு 1.8 பக்கம் வருது. 55க்கு 0.7. ஐம்பதுக்குச் சரியாக ஒன்று! விளிம்பில் நிற்குது. அப்படியென்றால் காற்றுதான் முடிவு பண்ணும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காற்று மெலிசு, குண்டின் மூக்கைத் தள்ளிவிடுகிற பலம் குறைவு. கீழே சேலத்தில், அதுவும் மார்கழிக் காலையில், காற்று கெட்டி. மேலே தப்பித்த குண்டு கீழே கவிழ்ந்திருக்கு. அமெரிக்காவின் ஏ.ஆர். 15 ரைஃபிளுக்கும் இதே கூத்துதான்: முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து, கடுங்குளிரில் குண்டு தள்ளாடியதும் 12 ஆக்கினார்கள்.

தாத்தாவுக்குக் காரணம் தெரிந்திருக்காது. ஆனால் பார்த்ததை மாற்றாமல் எழுதியிருக்கிறார். அப்பாவிடம் சொன்னேன், முழுசாக, அட்டையைக் காட்டி. கேட்டுக்கிட்டே இருந்தார். "அது… அது…" என்றார், கையை மேலே காட்டினார். மலைக்குக் கூட்டிப்போ என்கிறாரா, ஆமாம் என்கிறாரா?

டாக்டர் இப்போதைக்குக் கீழேயே இருக்கட்டும் என்கிறார்.

ஏப்ரல் 11

40 டிகிரிக்கு மேல். ஃபேன் ஓடியும் ஓடாத மாதிரி.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டேன். அப்பா 1971லிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. என் விரல் மையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஏப்ரல் 24

அண்ணன் ஃபோனில் அதே பேச்சு. சரண்டர் பண்ணிடு, யாருக்கு அது, ஒவ்வொரு தேர்தலுக்கும் அலையணுமா? 2016 ஆயுத விதிப்படி 70 வயசு தாண்டினவர் வாரிசு பெயரைச் சொல்லலாம், அந்த வாரிசு லைசென்ஸ் கேட்டு மனு போடலாம். அப்பாவுக்கு 74. வாரிசு யார் என்ற இடத்தில் அவர் என்ன காட்டுவார் என்று எனக்கே தெரியலை. நான் எதுக்குக் கேட்கிறேன், சுடவா போறேன்? அந்த நெல்லுக் கணக்கு ஸ்டேஷன் அலமாரியில் துருப்பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். இல்லை, அவ்வளவு மட்டும் இல்லை.

ஏப்ரல் 28

மூடி: முக்கால் சுற்று.

மே 6

ரசீதைக் காணோம். நேற்று தலையணை உறையை மாற்றியிருக்கிறார்கள். ஜூன் 4 ஓட்டு எண்ணி முடிஞ்சதும் ஸ்டேஷனில் அது இல்லாமல் போய் நின்றால் என்ன சொல்வேன்? அப்பா கட்டிலைத் தட்டித் தட்டிக் கேட்கிறார், சித்தப்பா சமாதானம் பண்ணிக்கிட்டு இருக்கார். சலவைக்குப் போகிற துணியெல்லாம் கீழ்த்தளத்தில் மூட்டையாக இருக்குமாம். பத்து மணிக்கு வண்டி வந்திடும். போய்ப் பார்க்கிறேன்.