பிரிட்டன் ஓய்வூதியமும் வசிப்புச் சான்றிதழில் விழுந்த தவறான ஆண்டும்

பிரிட்டனில் தனியார் நிறுவனமொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2019 ஜூனில் ஊர் திரும்பினேன். முதல் இரண்டு நிதியாண்டுகள் ‘சாதாரணமாக வசிக்காத வசிப்பாளர்’ என்ற தகுதியில் (வெளிநாட்டில் பெறும் ஓய்வூதியத்துக்கு இங்கே வரி இல்லாத நிலை) சிக்கலின்றிக் கழிந்தன. அப்போது ஓய்வூதியத்தை அங்குள்ள வங்கிக் கணக்கிலேயே வாங்கிக்கொண்டது நல்லதாயிற்று. நேராக இந்தியக் கணக்குக்கு வரவழைத்திருந்தால், இந்தியாவில் பெற்ற வருமானம் என்று அதற்கும் இங்கே வரி விழுந்திருக்கும்.

2021-22இல் முழு வசிப்பாளரானதும்தான் தொல்லை தொடங்கியது. என் ஓய்வூதியத்தில் 20 சதவீதத்தை அங்கே மாதந்தோறும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படிவம் 67 தாக்கல் செய்தால் அதை இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அப்போதைய ஆடிட்டர் சொன்னதை நம்பினேன். கழிவை ஏற்க முடியாது என்று நோட்டீஸ் வந்தது. வட்டியும் சேர்த்துக் கட்டினேன். ஒரே வருமானத்துக்கு இரு முறை வரி விழாமலிருக்க இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவின்படி, அரசுப் பணிக்கான ஓய்வூதியம் நீங்கலாக மற்ற ஓய்வூதியங்களுக்கு வசிக்கும் நாட்டில் மட்டுமே வரி. ஆகவே பிரிட்டன் பிடித்த பணத்தைப் பிரிட்டனிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறிப் பிடிக்கப்பட்ட வரிக்கு இந்தியா கழிவு தராது. இந்த ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் எனக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

திரும்பக் கேட்பதற்கு ‘டி.டி. இண்டிவிஜுவல்’ என்ற பிரிட்டன் படிவத்துடன், நான் இந்தியாவில் வசிப்பவன் என்பதற்கு நம் வருமான வரித்துறையின் சான்றும் வேண்டும். முதல் முறை போனபோது, வெளிநாட்டுப் படிவத்தில் சீல் வைக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதைய படிவம் 10எஃப்ஏ-வில் விண்ணப்பித்தால் 10எஃப்பி என்ற வசிப்புச் சான்றிதழ் கிடைக்கும் என்பதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நானே தேடித் தெரிந்துகொண்டேன். இரண்டாம் முறை, கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களுக்கும் நகல் இல்லையென்று திரும்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் முறை சான்றிதழ் கைக்கு வந்த மகிழ்ச்சியில் அதைச் சரிபார்க்காமலே பிரிட்டன் வரித்துறைக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து எல்லாம் திரும்பி வந்தன. செல்லுபடியாகும் காலம் 2022 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை என்று அதில் தட்டச்சாகியிருந்தது. வருமானம் வந்த நிதியாண்டு 2021-22 இருக்கவேண்டிய இடத்தில், அதற்குக் கணக்குக் காட்டும் அடுத்த ஆண்டான மதிப்பீட்டு ஆண்டை எழுத்தர் போட்டிருந்தார். திருத்தித் தரச் சொன்னபோது, புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார். நான் விடவில்லை. என் விண்ணப்பத்தின் நகலில் நிதியாண்டைக் கோடிட்டு, அறைக்குள் இருந்த அதிகாரியிடமே காட்டினேன். அவர் ஒரு முறை பார்த்துவிட்டு அன்று மாலைக்குள் புதிய சான்றிதழில் கையெழுத்திட்டார்.

இதே வழியில் போகிறவர்கள் சான்றிதழிலுள்ள தேதிகளை அலுவலக வாசலிலேயே படித்துவிடுங்கள். பிரிட்டனின் வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி மறு ஏப்ரல் 5இல் முடிவதால், அடுத்தடுத்த இரு நிதியாண்டுகளுக்கும் சேர்த்தே சான்றிதழ் கேளுங்கள். அங்கே ரீஃபண்ட் கோர நான்கு ஆண்டுகள்தான் அவகாசம். இங்கே ஐடிஆர்-1 என்ற எளிய வரிக்கணக்குப் படிவம் செல்லாது. ஐடிஆர்-2இல், வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில், பிரிட்டன் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும்.

போன மாதம் ஓய்வூதியச் சீட்டு வந்தது. வரிக் குறியீடு இருக்கும் கட்டத்தில் வரி இல்லை என்பதைக் குறிக்கும் ‘என்.டி.’ என்ற இரண்டு எழுத்துகள், பிடித்தம் பூஜ்யம். 2021-22க்கான ரீஃபண்டும் வந்துவிட்டது.