கலைத்த சூடு தணியும்வரை

கடலூர்ப் பக்கம் 300 மீட்டருக்குப் போர் போட்ட நிலத்தில், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கை வைத்தால் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் 25 முதல் 30 டிகிரி ஏறும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 300 மீட்டருக்கு எட்டு டிகிரி. உள்ளிருந்து ஏறிவரும் இதே சூடுதான் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனிவிரிப்பின் அடியைத் தொடுகிறது. அளவில் மிகச் சிறியது. கண்டங்களின் சராசரி, சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட். ஒரு வாட் இரவு விளக்குக்கு ஈடாக 15 சதுர மீட்டர் தரை, அதாவது ஒரு நல்ல அறை முழுதும் வேண்டும். ஆனாலும் அடிப்பனி உருகுநிலையில் இருந்தால், 50 மில்லிவாட்டே வருடத்துக்கு 5 மில்லிமீட்டர் பனியைக் கரைத்துவிடும். பனி பாறைமேல் வழுக்குமா, மிகப் பழைய பனி அடியில் மிஞ்சியிருக்குமா என்பதையெல்லாம் இந்தச் சில மில்லிவாட்தான் முடிவு செய்கிறது.

இதை அளக்கப் பனியில் துளையிட்டு, பல ஆழங்களில் வெப்பநிலையைப் படிக்க வேண்டும். வெப்பநிலைச் சரிவை, அதாவது மீட்டருக்கு எத்தனை டிகிரி மாறுகிறது என்பதை, கடத்துதிறனால் (சூட்டைக் கடத்தும் திறனால்) பெருக்கினால் ஏறிவரும் சூட்டின் அளவு, அதுதான் விடை. பனியின் கடத்துதிறன் (மீட்டருக்கு, டிகிரிக்கு வாட் கணக்கில்) 0 டிகிரியில் சுமார் 2.1, மைனஸ் 50-இல் 2.7-க்கு மேல். மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணைப் போட்டால் கணக்கு கால்பங்கு வரை பிசகும். அடியில் 50 மில்லிவாட் என்றால் சரிவு 100 மீட்டருக்கு வெறும் 2.4 டிகிரி. 100 மீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டில் மேல் உணரி 0.1 கூட்டியும் கீழ் உணரி 0.1 குறைத்தும் காட்டினால் விடையில் 8 சதவீதம் தவறு. அதனால்தான் பாதி வேலை, அதாவது உணரிகளைச் சரிபார்ப்பது, மேசையிலேயே நடந்தாக வேண்டும்.

உணரி 0 டிகிரியைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அதாவது பூஜ்ஜியப் புள்ளி பிடிக்க, துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியிலிருந்து மீனுக்கு வரும் கட்டியை உடைத்துப் போடக்கூடாது. ஒரு கிலோ நீரில் ஒரு கிராம் உப்பு இருந்தாலே உறைநிலை 0.06 டிகிரி இறங்கும். காய்ச்சி வடித்த நீரை உறையவைத்து, கரும்புச் சாற்றுக் கடை ஐஸ் மாதிரி பொடியாக நொறுக்கி, தெர்மாஸ் குடுவையில் அடைத்து, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் அதே நீரை ஊற்ற வேண்டும். தாராளமாக ஊற்றினால் 4 டிகிரி நீர் கனமாக இருப்பதால் அடியில் போய்த் தங்கும். உணரி அதைத்தான் படிக்கும்.

அதைவிடப் பொல்லாதது ஈரம். வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரி தெர்மிஸ்டர். 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும் ஒன்று, மைனஸ் 50-இல் 600 கிலோஓமைத் தாண்டும். நம் கடற்கரைக் காற்றில் சால்டர் வைத்த இணைப்பில் உப்பீரம் படிந்து 10 மெகாஓம் கசிவு ஏற்பட்டது என்று வையுங்கள். புதுச்சேரி அறையில் சோதித்தால் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குதான், கண்ணுக்கே தெரியாது. மைனஸ் 50-இல் அதே கசிவு முக்கால் டிகிரிக்கு மேல் சூடாகக் காட்டும். ஆகவே அறைச் சோதனையில் தேறியது என்று அனுப்பிவிடக் கூடாது. இணைப்பை ஆல்கஹாலால் துடைத்து, உலர்த்தி, எபாக்ஸி ஊற்றி மூடிய பின், குளிரிலும் படித்துப் பார்க்க வேண்டும். பிளாட்டினம் உணரி என்றால், கம்பியின் தடை அளவில் சேராதிருக்க நான்கு கம்பி கட்டாயம். ஒரு கிலோமீட்டர் மெல்லிய செம்புக் கம்பி போய்வர 70 ஓம் இருக்கும், டிகிரிக்கு 0.385 ஓம் மாறும் உணரிக்கு அது 180 டிகிரிப் பொய்.

இனி, காத்திருத்தல். துளை போடுவதே அந்த இடத்தின் சூட்டைக் கலைத்துவிடுகிறது. நம் ஊரில் ரோட்டரி ரிக் போட்டுச் சேற்று நீரைச் சுழற்றியிருந்தால், துளைக்க எடுத்த காலத்தைப்போல பத்து இருபது மடங்கு பொறுத்தால்தான் பாறையின் சொந்த வெப்பநிலை திரும்பும். அப்போதும் கருவியை இறக்கும்போது மட்டுமே படிக்க வேண்டும். ஏற்றும்போது நீர் கலங்கியிருக்கும். பனியில் வெந்நீரால் துளைத்தால், துளை உறைந்து மூடுவதற்குள் உணரிச் சரத்தை இறக்கியாக வேண்டும். உறைந்து முடியும்வரை அளவு உருகுநிலையிலேயே அசையாமல் நிற்கும். பிறகு கழிந்த காலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் தணியும். அந்தத் தலைகீழ் எண்ணை (1/காலம்) அச்சாக வைத்துப் புள்ளிகளைக் குறித்து, கோட்டைப் பூஜ்ஜியம்வரை நீட்டினால் கலையாத வெப்பநிலை கிடைக்கும். உறைந்து முடிவதற்கு முந்திய புள்ளிகளையும் கோட்டில் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, கோடு சாய்ந்துவிடும்.

சூடு கடத்தலால் மட்டும் நகர்வதில்லை என்பதை நம் மணற்கல் நிலமே கற்றுத்தரும். மழைநீர் கீழே இறங்கும் இடத்தில் மேல்பகுதி குளிர்ந்து, சரிவு ஆழத்தில் போய்க் குவியும். நீர் மேலேறும் இடத்தில் வளைவு திரும்பிக்கொள்ளும். நெய்வேலியில் சுரங்கத்துக்காக அழுத்த நீரை இரவுபகலாக இறைப்பதால், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்காமல் அங்கே எந்த வெப்பநிலை வரைபடத்தையும் நம்பமுடியாது. பனியில் இதே வேலையை விழுந்து அமுங்கும் பனிப்பொழிவு செய்கிறது. கிரீன்லாந்தின் உச்சியில் 1992-இல் முடிந்த 3029 மீட்டர் கிரிப் (GRIP) ஆய்வுத் துளையில், பாதி ஆழம்வரை ஏறத்தாழ மைனஸ் 32-தான்; ஏற்றமெல்லாம் கீழ்ப்பாதியில். போன பனியுகத்தின் குளிரும் அதற்குள் இன்னும் மிச்சமிருக்கிறது. அதையும் கழித்தாக வேண்டும்.

அடி உறைந்திருந்தால் கழித்த மிச்சம் நேரான விடை. 1966-இல் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் 1387 மீட்டரில் பாறையைத் தொட்டபோது அடி மைனஸ் 13. அண்டார்டிகாவின் பேர்ட் துளையில் 1968-இல் 2164 மீட்டரில் நீர் உள்ளே புகுந்தது. நீர் இருந்தால் பனியின் சரிவு பாதிக் கதையைத்தான் சொல்லும். உருக்கப் போன சூடு அதில் வராது. இதைத் துல்லியமாகக் காட்டியது, மேற்கு அண்டார்டிகாவில் பனிக்கடியில் உள்ள வில்லன்ஸ் ஏரி. 2013 ஜனவரியில் 800 மீட்டர் பனியை வெந்நீரால் துளைத்து, ஏரியடிச் சேற்றில் வெப்ப ஊசியை, அதாவது உணரிகள் பொருத்திய நீள ஊசியை, குத்தினார்கள். மீட்டருக்கு 0.21 டிகிரி சரிவு. எடுத்துவந்த சேற்றின் கடத்துதிறன் 1.36, விடை 285 மில்லிவாட், கூட்டியோ குறைத்தோ 80. மேலே பனி கடத்திச் சென்றது 105 மட்டும். மீதி பனியின் அடியை உருக்குவதில் போகலாம், ஏரியிலிருந்து ஓடும் நீரோடும் போகலாம். முழுதும் உருக்கவே போனால் வருடத்துக்கு 18 மில்லிமீட்டர் அளவுக்கு.

ஊசி சேற்றில் இறங்கும் உராய்வே ஒரு சூட்டைக் கிளப்பும். அதுவும் தலைகீழ் விகிதத்தில்தான் தணியும். இடையில் கேபிள் ஒரு இழுப்பு இழுத்து ஊசி அசைந்தால் வளைவில் இரண்டாவது மேடு தெரியும். அந்தப் பதிவைச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். ஊசியை உருவி, சில மீட்டர் தூக்கி, நீரின் வெப்பநிலைக்குத் திரும்பவிட்டு மறுபடி குத்துங்கள்.