வெறகு அறுக்க எந்த சைஸ் செயின்சா வாங்கலாம்?

2011 டிசம்பர் 30 அன்னைக்கு அடிச்ச 'தானே' புயல்ல பண்ருட்டி பக்கம் எங்க முந்திரித் தோப்புல பாதி மரம் சாஞ்சுபோச்சு, கோடாலியும் ரம்பமும் வெச்சு அறுத்து அறுத்தே அப்பாவுக்கு கை காப்பு காச்சுப்போச்சு, அப்புறம்தான் செயின்சா வாங்கலாம்னு கெளம்புனேன்.

கடையில 22 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீட்டுத் தகடு) போட்ட 58 சிசி மிஷினைத்தான் மொதல்ல காட்டுனாங்க. பெருசுன்னா நல்லதுதானேன்னு வாங்கிட்டேன், அதுதான் தப்பு. நாங்க அறுக்குற சவுக்கும் முந்திரிக் கிளையும் அஞ்சாறு இஞ்ச் கனம்தான், அதுக்கு அவ்ளோ நீட்டு பார் எதுக்குங்க? அரை மணி நேரத்துல இடுப்பு விட்டுப்போச்சு, ஒருநாள் பாரோட நுனி பக்கத்துல கெடந்த கட்டையில பட்டு மிஷின் அப்படியே மூஞ்சிக்கு நேரா எகிறிடுச்சு, இப்ப நெனச்சாலும் ஒடம்பு நடுங்குது. பார் நுனியால அறுக்கவே அறுக்காதீங்க, தயவுசெஞ்சு.

கணக்கு இதுதான்: வழக்கமா அறுக்குற கட்டையோட குறுக்களவ விட 2 இஞ்ச் கூட இருந்தா போதும். 12 இஞ்ச் கட்டைன்னா 14 இஞ்ச் பார். வீட்டு வெறகுக்கு 14, 16 இஞ்ச், 35லேர்ந்து 45 சிசி தாராளம். எப்பவாச்சும் பெரிய பலா அடிமரம் வந்தா ரெண்டு பக்கமும் திருப்பி அறுத்துக்கலாம்.

இன்னொன்னு, செயின் மழுங்குனா எந்த சைஸும் வேலைக்கு ஆகாது. சில்லு சில்லா விழணும், மாவு மாதிரி தூள் கொட்டுச்சுன்னா உடனே நிறுத்திட்டு அரம் போடுங்க.

இப்ப எங்க வீட்டுல 16 இஞ்ச்தான் ஓடுது, பழசை மரவாடி அண்ணன் ஒருத்தருக்கு குடுத்துட்டேன்.