பீடி குடிக்காத அம்மா: தாராவி நாட்குறிப்பு

டிசம்பர் 9, 2024, திங்கள்

ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கே கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டு எடுத்தும், டாக்டர் முன்னால் உட்காரப் பதினொன்றரை ஆகிவிட்டது. அவர் இந்தியில் கேட்ட முதல் கேள்வி: "பீடி, தம்பாகூ உண்டா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அது அடங்க இரண்டு நிமிடம் பிடித்தது. "குடிச்சிருந்தா அந்தச் சொகமாவது கண்டிருப்பேன்" என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

குழாயில் ஊதச் சொன்னார்கள். ஸ்பைரோமெட்ரி. மூன்று முறை ஊதியபின் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுக்கவைத்து, கால்மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதவைத்தார்கள். ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடிக்குள் எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. மருந்துக்குப் பிறகும் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே நின்றால் மூச்சுக்குழாய் அடைப்பு. அம்மாவுக்கு 54. ஆஸ்துமா என்றால் மருந்து உள்ளே போனதும் பெரும்பாலும் நன்றாக ஏறுமாம். இவளுக்கு ஒரு புள்ளிதான் ஏறியிருந்தது. சீட்டில் சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று எழுதிக்கொடுத்தார்.

எட்டு வருடமாகத் தெருமுனை கிளினிக்கில் "டஸ்ட் அலர்ஜி" என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாளும் யாரும் ஊதச் சொன்னதில்லை.

டிசம்பர் 12, வியாழன்

பீடி இல்லை என்றதும் டாக்டர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று இன்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

திசையன்விளைப் பக்கம் பனங்காட்டில் பிறந்தவள் அம்மா. ஆச்சி பதநீர் காய்ச்சுகிற விடிலிக் குடிசையில்தான் தொட்டில். பனையோலையும் மட்டையும் எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பருவம் முழுக்க. நுரையீரல் இருபது வயதைத் தாண்டும்வரை வளர்ந்துகொண்டே போகும். சின்ன வயதில் புகையும் சளிக்காய்ச்சலும் அரைவயிறும் சேர்ந்தால் அது முழு அளவை எட்டாமலே நின்றுவிடலாம். அப்புறம் வயதானால் எல்லோருக்கும் குறைவதுதான், ஆனால் இவர்களுக்குக் குறைவான இடத்திலிருந்தே இறக்கம்.

1987இல் கல்யாணமாகி மும்பைக்கு, தாராவியில் இந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கோலிக்கு, அதாவது ஒற்றை அறைக்கு, வந்தாள். இட்லி வியாபாரம். இரவு இரண்டு மணிக்கு அடுப்பு பற்றும். விடிவதற்குள் அப்பா தூக்கோடு தாதர் பக்கம் கிளம்பிவிடுவார். ரேஷன் மண்ணெண்ணெய் இருந்தால் ஸ்டவ். இல்லையென்றால் மரப்பெட்டிக் கடையில் உடைத்துப் போட்ட பலகை, பிளைவுட் துண்டு, எது கிடைக்கிறதோ அது. மழைக்காலத்தில் கதவையும் சாத்தவேண்டும். கேஸ் இணைப்பு வந்தது 2016இல். கணக்குப் போட்டால் இருபத்தொன்பது வருடம்.

நடுவில் 1999இல் டிபி. ஆறு மாதம் மாத்திரை தின்று குணமானது. டிபி போனாலும் அது விட்டுப்போகும் தழும்பு மூச்சுக்குழாயைக் குறுக்கக்கூடும் என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரியும். இரண்டு சந்து தள்ளி கும்பார்வாடா. குயவர்களின் சூளையில் பஞ்சுக்கழிவும் துணிக்கழிவும் போட்டு எரிப்பார்கள். அந்தக் கறுப்புப் புகைக்கு நாங்கள் நாள் கிழமை வைத்துத் துணி காயப்போடுவோம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது: பணக்கார நாடுகளில் சிஓபிடி நோயாளிகளில் 70 சதவீதத்துக்கு மேல் புகைபிடித்து வந்தது. நம்மைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான். வீட்டுப் புகை பெரிய காரணம். பீடிக் கேள்வி எந்த ஊர்ப் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

திருட்டைக் கண்டுபிடித்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று இழுக்கவேண்டிய கேப்சூல் டப்பாவில் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. பத்து நாளில் ஏழுதான் குறைந்திருக்கிறது.

"ஏளா, மூச்சு முட்டாத நாள்ல என்னத்துக்கு மருந்து? மழைக்கு வேணும்லா" என்றாள்.

இது தினமும் இழுத்தால்தான் அடைப்பு கூடாமல் காக்கும், முட்டும்போது இழுப்பது வேறு என்று விளக்கினேன். தலையாட்டினாள். என் சம்பளம் பத்தொன்பதாயிரம், மருந்துக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தது ஒன்று. இன்னொன்றை வெளியே வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 4, 2025, சனி

பனிப்புகை. கடற்காற்று படுத்துவிட்டது. காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகளின் நாள் சராசரிக்கு இந்திய வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 15. செல்போன் ஆப்பில் நம் வரம்பையும் தாண்டித்தான் காட்டியது. காற்றை அளக்கும் கருவி இருப்பது எங்கள் சந்தில் அல்ல என்பது வேறு.

ஜனவரி 11, சனி

பேக்கரிகள் விறகு, கரியை விட்டு ஆறு மாதத்துக்குள் கேஸ் போன்றவற்றுக்கு மாறவேண்டும் என்று மும்பை உயர்நீதிமன்றம் நேற்று முன்தினம் உத்தரவிட்டிருக்கிறது. நான் சந்தோஷமாக வாசித்துக் காட்டினேன். அம்மா உடனே, "அடுப்பு மாத்த ரூவா யாரு குடுப்பா?" என்றாள். 2010இல் இந்த உத்தரவு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் இட்லி நின்றிருக்கும், என் படிப்பும் நின்றிருக்கும். புகையும் நின்றிருக்கும். எதைச் சொல்ல?

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

தொண்ணூறடிச் சாலை நெடுக அடுப்பு வைத்துப் பெண்கள் பொங்கலிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். கேட்பாளா? மாஸ்க்கோடு வந்தாள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கக் கடைப்படியில் உட்காரவைத்தேன். பால் பொங்கியபோது குலவையிட மாஸ்க்கை இறக்கினாள். பாதிக் குலவைதான் வந்தது. மீதியைப் பக்கத்தில் நின்ற சித்தி முடித்துவைத்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

"புகை, தூசி இல்லாத, காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்." சீட்டில் எழுதிய ஐந்தாவது மருந்து இது, எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. இப்போதைய வாடகை ஏழாயிரம். புறநகரான விராரில் பார்த்த வீடு ஆறாயிரத்து ஐந்நூறு, நல்ல காற்று, ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அம்மா ஒரு மாடி ஏறவே நடுவில் இரண்டு தடவை நிற்கிறாள். லிஃப்ட் இருந்தால் பன்னிரண்டாயிரம்.

தாராவி மறுகட்டமைப்புக்கு தேவ்னார் குப்பைமேட்டு நிலத்திலும் 124 ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். யாருக்கு எங்கே வீடு என்பதில் ஆளுக்கொரு பேச்சு. 1927 முதல் குப்பை கொட்டும் இடம் அது. 2016 ஜனவரியில் பற்றி எரிந்தபோது அந்தப் புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சித்தி சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 8, சனி

பிசியோதெரபிக்குப் போனோம். மராட்டிப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்திச் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு மெதுவாக ஊதவேண்டும். அப்படி ஊதினால் குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் என்றாள். பலருக்கும் பிடிபட ஒரு வாரம் ஆகுமாம். அம்மா முதல் தடவையிலேயே சரியாகச் செய்தாள்.

"எப்படி?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"ஊதாங்குழல் ஊதுத மாதிரிதானே" என்றாள் அம்மா. ஊதாங்குழலுக்கு இந்தியில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை; கையால் அபிநயம் பிடித்துக் காட்டினேன்.

சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து எண்ணி எண்ணி ஊதிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் யாரோ வெந்நீருக்கு விறகு மூட்டினார்கள். எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. ஒரு சாண் திறந்து வைத்து, ஃபேனை மூன்றில் போட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.